பன்னிரண்டு நிமிடமும் ஒரு புதன்கிழமையும்

பல்லில் மாட்டும் ஒரு துண்டு பிளாஸ்டிக் என் வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது என்று அபிரா சொன்னபோது முதலில் சிரித்தேன். றக்பி விளையாடுகிறவர்கள் வாயில் போடும் காப்புக்குள் இப்போது ஒரு சின்னக் கருவி இருக்கிறதாம். மோதும்போது தலை எவ்வளவு வேகமாக ஆடியது என்பதைக் கோட்டுக்கு வெளியே நிற்கும் வைத்தியரின் திரைக்கு அது உடனே சொல்லிவிடுகிறது. அபிரா சுவிஸில், பேர்ண் நகரில் அம்புலன்ஸில் வேலை செய்பவள். இங்கேயே பிறந்த பிள்ளை. நான் ஓய்வு பெற்ற நாளில் அவசர சிகிச்சைப் பிரிவில் கேக் வெட்டியபோது வந்திருந்தாள்.

"இனி உங்கட கேள்வியள் ஒண்டும் தேவைப்படாது, அன்ரி. மெஷினே சொல்லிப்போடும்."

"யானிட்ட அந்த மெஷின் என்னத்தைச் சொல்லியிருக்கும்?" என்று கேட்டேன்.

அவள் கேக்கைக் கீழே வைத்தாள். யான் என்ற அந்த றக்பி வீரனை ஏற்றிக்கொண்டு போன வண்டியை ஓட்டியவள் அவள்தான். "அதை நீங்கள் எழுதத்தான் வேணும்," என்றாள்.

எழுதுகிறேன். நோயாளியின் கதை என்பதால் அவனிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். யான் என்பது அவனுடைய உண்மைப் பெயர் அல்ல. மைதானத்தில் எல்லாரும் பேசியது ஜேர்மனும் பிரெஞ்சும். எனக்கு வாய்த்த தமிழில் அதைத் தருகிறேன்.

என் பெயர் யோகராணி. மட்டக்களப்பிலிருந்து அகதியாக வந்தேன். முதலில் பேர்ணில் ஒரு வைத்தியசாலையின் தரையைத் துடைத்தேன், பிறகு நோயாளிகளைத் துடைத்தேன், பிறகு ஜேர்மன் படித்து, தாதியர் பள்ளிக்குப் போய், இரண்டு முறை பரீட்சையில் தோற்று, மூன்றாம் முறை டிப்ளோமா எடுத்தேன். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை கிடைத்தது. என் பெயர் முழுக்க யாருக்கும் வாயில் நுழையவில்லை. "ஷ்வெஸ்டர் யோகா", அதாவது தாதி யோகா, என்றார்கள். புது நோயாளிகள் நான் மூச்சுப் பயிற்சி சொல்லித்தர வந்திருக்கிறேன் என்று நினைப்பார்கள்.

அந்தப் பிரிவில் டொக்டர் எகர் என்று ஒருவர் இருந்தார். உயரமான, மெலிந்த மனிதர். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவருடைய சப்பாத்தைப் பார்ப்பார். இவர் எப்படி நடந்து வந்தார் என்பது அதில் தெரியும் என்பார். தாதியிடம் அவர் "என்ன நினைக்கிறீர்கள்?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. "என்ன காண்கிறீர்கள்?" என்றுதான் கேட்பார். நான் புதிதில், "இவருக்கு நெஞ்சுக்குத்து என்று நினைக்கிறேன்" என்றால், அதைக் கேட்காதவர் போல மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பார். வியர்வை, நகத்தின் நிறம், இடது கையை மடியில் வைத்திருக்கும் விதம் என்று சொல்லத் தொடங்கினால்தான் தலையை ஆட்டுவார். முடிவை வாயால் சொல்வதற்கு முன் தாளில் எழுதுவார். எழுதிவிட்டால் பிறகு கடவுளே வந்து கேட்டாலும் மாற்றமாட்டார்.

அவர்தான் ஒரு வெள்ளிக்கிழமை என்னிடம், "நாளைக்கு ஓய்வா? றக்பி பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். சுவிஸ் தேசிய அணியின் ஆட்டங்களுக்கு அவர் வைத்தியராகப் போவார். கூடப் போகும் தாதிக்குப் பிள்ளை பிறந்திருந்தது.

நான் அதுவரை அந்த முட்டை வடிவப் பந்தைக் கையால் தொட்டதில்லை. முதல் ஆட்டத்தில், பத்து நிமிடம் ஆகியிருக்காது, ஒருவன் பந்தோடு விழ, அவன் மேல் ஒருவன், அவன் மேல் நாலு பேர் விழுந்தார்கள். அடியில் கிடந்தவனுடைய கால் மட்டும் தெரிந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன். பந்து இன்னும் ஆட்டத்தில் இருக்க, முப்பது ஆண்களுக்கு நடுவே சேலை கட்டாத குறையாக நான். மத்தியஸ்தர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். அடியில் கிடந்தவன் மண்ணோடு தலையைத் தூக்கி, "எனக்கு ஒன்றுமில்லை, மேடம்" என்றான். பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். டொக்டர் எகர் கோட்டுக்கு வெளியே கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றார். நான் திரும்பி வந்ததும், "என்ன கண்டீர்கள்?" என்று கேட்டார்.

"ஒரு கால்," என்றேன்.

அன்றைக்கு மட்டும்தான் அவர் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு அந்த விளையாட்டுப் பிடித்துக்கொண்டது. பிடித்தது என்பது சின்னச் சொல். நியூசிலாந்தும் தென்னாபிரிக்காவும் மோதும் சனிக்கிழமை காலைகளில், ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால், இடியப்பத்தைக் கையில் பிடித்தபடி, சாப்பிட மறந்து நிற்பேன். இங்கிலாந்தும் வேல்ஸும், பிரான்ஸும் இங்கிலாந்தும் என்று யாருக்கு யார்மேல் எத்தனை வருடக் கோபம் என்பது எனக்கு மனப்பாடமானது. என் கணவர் சிவம் பருத்தித்துறைக்காரர், கிரிக்கெட்காரர். அவருக்கு இது விளங்கவே இல்லை.

"உமக்கு விசரோ? ஆரோ வெள்ளைக்காரர் அடிபடுறதுக்கு நீர் ஏன் கத்துறீர்?"

"இஞ்சாருங்கோ, அது அடிபாடில்லை. நல்லாப் பாருங்கோ, முன்னுக்கு எறியேலாது, பின்னுக்குத்தான் எறியலாம்."

"முன்னுக்குப் போறதுக்குப் பின்னுக்கு எறியிறதோ? நல்ல விளையாட்டு."

ஆனால் நான் அதை மருந்து அறைக்குள்ளிருந்தும் பார்த்தேன். அங்கே தெரிந்தது வேறு. சுவிஸ் அணியில் நல்லாக விளையாடுகிற பலர் எல்லைக்கு அப்பால் பிரான்ஸில் கழகங்களுக்கு விளையாடுகிறவர்கள். கழகத்துக்கு ஒரு பருவம், தேசிய அணிக்கு ஒரு பருவம், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பனி விழுந்து ஓர் ஆட்டம் ஒத்திப்போனால் அதைச் செருக இடமில்லை. கிழமையின் நடுவில் எங்காவது செருகுவார்கள். நாட்காட்டியை நான் சுவரில் பார்க்கவில்லை, உடம்பில் பார்த்தேன். தோலின் கீழ் கன்றிய இரத்தம் முதலில் சிவப்பு, பிறகு நீலம், சில நாளில் ஓரம் பச்சையாகி மஞ்சளாகும். ஒருவனின் முதுகைப் பார்த்தால், இது இன்றையது, இது போன கிழமையது, இது அதற்கு முந்தினது என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். ஒரு காயம் மஞ்சளாகும் முன் அதன்மேல் அடுத்த சிவப்பு வந்திருக்கும். அதைப் பார்க்க எனக்குக் கோபம் வரும். விசில் ஊதினால் அந்தக் கோபத்தை மறந்துவிட்டுக் கத்துவேன். இரண்டும் நானேதான்.

யான் அந்த அணியின் ஏழாம் இலக்கம். ஓடி வருகிறவனை விழுத்துவதுதான் ஏழாம் இலக்கத்தின் முதல் வேலை. இருபத்தேழு வயது, லா ஷோ-து-ஃபோன் பக்கத்துப் பிள்ளை, தகப்பன் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை. ஆட்டத்துக்கு முன் எல்லாரும் பாட்டுக் கேட்டுக்கொண்டு இருக்க, அவன் வந்து என் பெட்டியில் இருக்கும் கட்டுத்துணிகளை அளவு வாரியாக அடுக்கித் தருவான். கை சும்மா இருந்தால் பயம் வரும் என்பான்.

நான் சொல்லவரும் நாள் ஒரு சனிக்கிழமை, பிற்பகல், பெப்ரவரிக் குளிர். எதிரணி ஜேர்மனி. உலகத்துக்கு இந்த இரண்டு நாட்டு றக்பியும் பெரிய விடயமில்லை. ஆனால் பக்கத்து வீட்டுச் சண்டைக்கு ஊர் பெரிதாக இருக்கவேண்டிய அவசியமில்லை. அந்த முறை தோற்கிறவர் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டும் என்று இருந்தது. மரப்பலகைப் பார்வையாளர் மேடை நிறைந்து, வேலிக்கு வெளியேயும் சனம் நின்றது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் அலுத்துப்போயிருந்த சிவம்கூட, முதல் முறையாக, தொப்பியும் சால்வையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் யான் ஒரு பெரிய ஜேர்மன்காரனை விழுத்தினான். அழகான விழுத்தல். ஆனால் எழும்பும்போது ஒரு முழங்காலில் நின்று, புல்லைப் பிடித்துக்கொண்டு, ஒரு விநாடி கூடுதலாக நின்றான். டொக்டர் எகர் கையைத் தூக்கினார். மத்தியஸ்தர் அவனை வெளியே அனுப்பினார்.

அந்த மாதிரி ஆட்டங்களில் விதி இதுதான்: தலையில் அடி என்று சந்தேகம் வந்தால் வீரனை வெளியே எடுக்கலாம், அவனுக்குப் பதில் தற்காலிகமாக ஒருவன் இறங்கலாம். பரிசோதிக்கப் பன்னிரண்டு நிமிடம். தேறினால் திரும்பிப் போகலாம். தேறாவிட்டால், அல்லது நேரம் தாண்டினால், அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது.

மருந்து அறை மேடைக்கு அடியில். வலைகளும் கூம்புகளும் அடுக்கிய அறை, ஒரு கட்டில், மூன்று கதிரை. தலைக்கு மேல் பலகையில் சனத்தின் கால்கள். ஆட்டத்தைக் கண்ணால் பார்க்கமுடியாது, காலடியில் கேட்கலாம். கால்கள் இடித்தால் நாங்கள் முன்னேறுகிறோம். நின்றுவிட்டால் அவர்கள்.

யான் உள்ளே வரும்போது கதவு நிலையை ஒரு கையால் தொட்டுவிட்டு வந்தான். டொக்டர் எகர் தாளைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் யானின் காதுக்குப் பின்னால் இருந்த மண்ணைத் துடைத்தேன். மயிரை விலக்கியதும் அங்கே ஒரு கன்றல். ஓரம் பச்சை, அதற்கு வெளியே மஞ்சள். பத்து நிமிடத்தில் எந்த இரத்தமும் மஞ்சளாகாது.

அவன் என் கை நின்றதை உணர்ந்தான்.

"அது புதன்கிழமையுடையது," என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி, பிரெஞ்சில். "சின்ன அடி. கொஞ்சம் தலை சுற்றியது, அடுத்த நாள் போய்விட்டது. யோகா, சொல்லாதே. தயவுசெய்து."

டொக்டர் வந்து முன்னால் உட்கார்ந்தார். பத்துச் சொற்களை வாசித்து, திருப்பிச் சொல்லச் சொன்னார். யான் சொன்னான். எண்களைச் சொல்லி, கடைசியிலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னான். தரையில் ஒட்டியிருந்த நாடாவின் மேல் ஒரு காலின் குதியை மறுகாலின் விரலில் வைத்து நடக்கச் சொன்னார். நடந்தான், மெதுவாக, ஆனால் பிசகாமல். நான் நிமிடங்களை எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்து போயிருந்தது. மேலே கால்கள் இடித்தன.

"இன்று எந்த மைதானம்?"

சொன்னான்.

"எந்தப் பாதி?"

"இரண்டாவது."

"கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்?"

"நாங்கள். தண்டனை உதை."

"இதற்கு முந்தைய ஆட்டம் யாரோடு?"

யான் பிரான்ஸில் ஓர் ஊரின் பெயரைச் சொன்னான்.

டொக்டர் எகர் தன் தாளைப் பார்த்தார். அவரிடம் அணி கொடுத்த பட்டியல் இருந்தது. யான் கடைசியாக விளையாடியது இரண்டு கிழமைக்கு முன், வேறோர் ஊரோடு. அதற்குப் பிறகு கழகம் அவனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டது என்று கடிதமும் இருந்தது. அவர் பேனாவை எடுத்தார்.

"தவறு," என்றார் மெதுவாக.

"தவறில்லை," என்று யான் எழுந்தான். "புதன்கிழமை விளையாடினேன். பனியால் ஒத்திப்போன ஆட்டம். ஆள் போதவில்லை, வரச் சொன்னார்கள். கடைசி அரை மணி நேரம்தான்."

அப்போதுதான் அணி மேலாளர் உள்ளே வந்தார். எங்கள் பக்கம் ஒரு புள்ளி முன்னால் நின்றது, ஜேர்மனி கோட்டுக்குக் கிட்ட அழுத்திக்கொண்டிருந்தது, மாற்றாக இறங்கியவன் மிகப் புதியவன். மேலாளர் விடயத்தைக் கேட்டார், தொலைபேசியை எடுத்தார், அந்தக் கழகத்தின் பக்கத்தில் தேடினார். ஒரு நிமிடம் ஆகவில்லை.

"இதோ," என்று நீட்டினார். "புதன்கிழமை. மாற்று வீரர்களில் இவன் பெயர். இவன் சொன்னதுதான் சரி, உங்கள் தாள்தான் பிழை. எல்லாக் கேள்விக்கும் சரியான பதில். அனுப்புங்கள்."

"எங்களிடம் ஓய்வில் இருப்பதாகச் சொன்னீர்களே," என்றார் டொக்டர்.

"அதை நாளைக்குப் பேசுவோம். இந்தப் பருவத்தில் யார் எங்கே விளையாடினார்கள் என்று எனக்கே ஞாபகமில்லை. இவனுக்கு ஞாபகமிருக்கிறது. இதைவிட நல்ல தலை வேண்டுமா?"

அவர் சொன்னது எல்லாம் உண்மை. தாளின்படி யான் தேறிவிட்டான். எட்டாவது நிமிடம். யான் வாய்க்காப்பைக் கையில் எடுத்துவிட்டான். மேலே கால்கள் நின்றுபோயிருந்தன.

டொக்டர் எகர் பேனாவைத் தாளுக்கு மேல் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"ஷ்வெஸ்டர் யோகா, என்ன காண்கிறீர்கள்?"

யான் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் எத்தனையோ வார்டுகளில் கண்டிருக்கிறேன். நோயாளி நம்மை நம்பி ஒன்றைத் தந்துவிட்டு, அதைத் திருப்பிக் கேட்கிற பார்வை. நான் சொன்னால் அவனுக்கு இந்த ஆட்டம் போகும், கழகத்தோடு பிரச்சினை வரும், தேசிய அணி விசாரிக்கும். ஒருவேளை நாடே கீழே இறங்கும். எனக்கும் அந்த ஆட்டம் வேண்டியிருந்தது. கடவுளாணை, என் உடம்பு முழுக்க வேண்டியிருந்தது. அவன் போனால் அந்த ஜேர்மன் அலையை நிறுத்துவான் என்று எனக்குத் தெரியும்.

"வலது காதுக்குப் பின்னால் ஒரு கன்றல்," என்றேன். "ஓரம் மஞ்சள். மூன்று நாள் இருக்கும். புதன்கிழமை அடித்ததாகச் சொன்னார். தலை சுற்றியதாகவும் சொன்னார். உள்ளே வரும்போது கதவு நிலையைத் தொட்டார்."

டொக்டர் எகர் எழுதத் தொடங்கினார். முழு வரியையும் எழுதி, முற்றுப்புள்ளி வைத்து, நேரத்தைப் போட்டு, கையெழுத்து வைத்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"அவர் சொன்ன பதில் சரி," என்றார் மேலாளரிடம். "அது சரி என்பதால்தான் அவர் போகமுடியாது. நான்கு நாளுக்குள் இரண்டு அடி."

மேலாளர் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். யான் வாய்க்காப்பைச் சுவரில் எறிந்தான்.

"உன்னை நம்பித்தானே சொன்னேன்," என்றான்.

நான் வாய்க்காப்பைப் பொறுக்கி எடுத்தேன். டொக்டர் மைதானத்துக்குத் திரும்பவேண்டும். அவனைக் கவனிக்க நான் அறையில் இருந்தேன். அவன் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நல்ல தெளிவாகப் பேசினான், அதுதான் கொடுமை. தன் மூன்று வருட உழைப்பைச் சொன்னான், தகப்பன் மேடையில் இருக்கிறார் என்று சொன்னான், நான் ஒரு தாதி, றக்பிக்காரி இல்லை என்று சொன்னான். அந்தக் கடைசிச் சொல்தான் சுட்டது. மேலே கால்கள் சத்தமில்லாமல் கிடந்தன. பிறகு தூரத்தில், மறுபக்க மேடையில், ஜேர்மன் குரல்களின் ஆரவாரம். அவர்கள் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துவிட்டார்கள்: ட்ரை, ஐந்து புள்ளி. நான்கு புள்ளி பின்தங்கினோம். நான் செய்ததால்தான் இது.

ஒரு கால் மணி நேரம் போயிருக்கும். யான் திரும்பி, "நான் ஏன் இங்கே இருக்கிறேன்?" என்று கேட்டான்.

கோபத்தில் கேட்கிறான் என்று நினைத்தேன். "தலையில் அடி. வெளியே எடுத்தோம்," என்றேன்.

"ஓ," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, அதே குரலில், அதே முகத்தோடு, "நான் ஏன் இங்கே இருக்கிறேன்?" என்றான். பிறகு வாளியைக் கேட்டான். வாந்தி.

என் கை தானாகவே வேலை செய்தது. கண்மணிகளுக்கு வெளிச்சம் அடித்துப் பார்த்தேன், இரண்டும் சமமாகச் சுருங்கின. வோக்கிடோக்கியில் டொக்டரை அழைத்தேன். அவர் வந்து அரை நிமிடம் பார்த்தார். "ஸ்கான். உடனே. நீங்கள் கூடப் போங்கள்." மைதானத்தில் அம்புலன்ஸ் இல்லாமல் ஆட்டம் நடக்கமுடியாது. நல்ல காலம், அன்றைக்கு இரண்டு நின்றன. ஒன்றில் அபிரா.

அவன் மைதானத்துக்குத் திரும்பியிருந்தால் அந்தக் கால் மணி நேரத்தில் எத்தனை பேரை விழுத்தியிருப்பான் என்று எண்ணிப் பார்க்க நான் இன்றைக்கும் விரும்பவில்லை.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். யானுக்கு அந்தப் பருவம் முழுக்க ஆட்டம் இல்லை. புதன்கிழமைக் கதையை அவனே தேசிய அணிக்கு எழுதிக் கொடுத்தான். தண்டனையாகச் சில ஆட்டங்கள் போயின. கழகத்துக்கும் கடிதம் போனது. மறு வருடத்திலிருந்து, கழகம் அனுப்பும் கடிதம் போதாது, ஒவ்வொரு வீரனும் கடந்த ஒரு மாதம் எங்கெங்கே விளையாடினான் என்று தன் கையால் எழுதித் தரவேண்டும் என்று ஆனது. மேலாளர் என்னோடு நீண்ட நாள் பேசவில்லை, பிறகு பேசினார். யான் மறு இலையுதிர்காலத்தில் திரும்பி வந்தான், இப்போதும் விளையாடுகிறான். ஆட்டங்கள் குறையவில்லை. நாட்காட்டியில் இடமும் கூடவில்லை.

ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இது எதுவும் இல்லை. அம்புலன்ஸ்தான்.

வண்டி மைதான வாசலைத் தாண்டும்போது ஆட்டம் முடிய ஏழெட்டு நிமிடம் இருந்தது. யான் கண்ணை மூடிக் கிடந்தான். அபிராவின் கூட்டாளி ஒரு பக்கம் இருந்து இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுபக்கம். என்னால் பொறுக்கமுடியவில்லை. தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு சிவத்தை அழைத்தேன்.

"இஞ்சாருங்கோ, என்ன நடக்குது?"

"எல்லாரும் ஒண்டுக்கு மேல ஒண்டா விழுந்து கிடக்கினம்."

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்."

"ஆற்ற வலப்பக்கம்?"

"என்ர வலப்பக்கம். கன்ரீன் இருக்கிற பக்கம்."

கன்ரீன் பக்கம் ஜேர்மனியின் கோடு. அப்படியென்றால் முன்னேறுவது நாங்கள். "விசில் கேக்குது," என்றார் சிவம். "எங்கட ஆக்களுக்குக் குடுத்திருக்கினம் போல. உதைக்கப் போறான். கம்பத்துக்கு உதைக்கேல்ல. இவனுக்கென்ன, பக்கவாட்டில வெளியில உதைச்சுப்போட்டான்."

"அது சரி. கம்பத்துக்கு அடிச்சா மூண்டு, காணாது. ட்ரை வேணும். கோட்டுக்குக் கிட்டப் போகினம்."

"மணிக்கூட்டில எண்பது முடிஞ்சுது, யோகா. ஆனா நிப்பாட்டுறாங்களில்லை. இந்த றெபறிக்கு நேரம் பாக்கத் தெரியாதோ?"

"பந்து வெளியில போகும் வரைக்கும் முடியாது. பந்து ஆற்ற கையில?"

"சிவப்பு."

சிவப்பு நாங்கள். முன்னால் சாரதி இருக்கையிலிருந்து அபிராவின் தலை பாதி திரும்பியது. "அன்ரி, என்னவாம்?"

"நீ ரோட்டைப் பார்."

சிவத்தின் பக்கம் இப்போது சொல்லே இல்லை, இரைச்சல் மட்டும். மேடையின் பலகை முழுக்க இடிப்பது தொலைபேசிக்குள்ளால் கேட்டது. நான் மறுகையால் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவருடைய குரல். முப்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனிதர், அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"தள்ளுறாங்கள். தள்ளுறாங்கள். எல்லாரும் ஒண்டாத் தள்ளுறாங்கள். யோகா, விழுந்திட்டாங்கள், வெள்ளைக் கோட்டுக்கு மேல."

"றெபறி?"

"குனிஞ்சு பாக்கிறான். இல்லை, படுத்தே போனான்."

"கை? கை தூக்கிறானோ?"

"பொறும்."

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு வந்த இடைவெளியை என்னால் அளக்கமுடியாது.

"தூக்கிட்டான்," என்றார் சிவம். "கை தூக்கிட்டான். பக்கத்தில நிக்கிற ஆள் என்னைக் கட்டிப்பிடிக்கிறான், ஆரெண்டே தெரியாது."

நான் கத்திவிட்டேன். அவசர சிகிச்சைத் தாதி, தலையில் அடிபட்ட நோயாளியின் தலைமாட்டில் இருந்து கத்தினேன். கூட்டாளி திடுக்கிட்டு இரத்த அழுத்தப் பட்டையைக் கைவிட்டார்.

"பேஷண்டுக்குச் சத்தம் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னியள்," என்றாள் அபிரா. பிறகு, "வெண்டிட்டமோ?" என்றாள்.

"ஓம் பிள்ளை. வெண்டிட்டம்."

அவசரமில்லாமல் சைரன் போடக்கூடாது. அவள் போடவில்லை. நீல விளக்கு ஒரு தடவை மின்னியது போல எனக்கு இருந்தது. அவள் இன்றைக்கும் இல்லை என்கிறாள்.

யான் கண்ணைத் திறந்தான். "யார் வென்றது?" என்று கேட்டான்.

"நீங்கள். எண்பது நிமிடம் முடிந்த பிறகு, கடைசிப் பந்தில், கோட்டுக்கு மேல் தள்ளி." அவன் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. கண்ணின் ஓரத்தில் நீர் வந்தது. என் கையைப் பிடித்தான். என்மேல் இருந்த கோபம் அவனுக்கு ஞாபகத்திலேயே இல்லை. "உண்மையாகவா?" என்றான். "உண்மையாக," என்றேன். அவன் கண்ணை மூடிச் சிரித்தான்.

இரண்டு போக்குவரத்து விளக்கு தாண்டியதும் மறுபடியும் கண்ணைத் திறந்தான். "யார் வென்றது?"

தலையில் அடிபட்டவர்கள் கேட்டதையே கேட்பார்கள். சுருக்கமாகப் பதில் சொல்லி அமைதிப்படுத்தவேண்டும் என்பதுதான் பயிற்சி. ஆனால் அந்த முகம் மறுபடியும், முதல் முறை போலவே, இம்மியளவும் குறையாமல் விரிந்ததைப் பார்த்தேன். ஆகவே முழுவதையும் சொன்னேன். ஸ்கான் அறையின் வாசலில் மூன்றாவது முறை சொன்னேன். படம் எடுத்து வெளியே வந்ததும் நான்காவது. ஒவ்வொரு முறையும் அவன் அப்போதுதான் வென்றான்.

ஏழாவது முறை கேட்டபோது அறிக்கை வந்திருந்தது. மூளையில் இரத்தக் கசிவு இல்லை. அவனுடைய தகப்பன் மைதானத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். என் தொண்டை கட்டிப்போயிருந்தது. கதிரையை இழுத்து அவன் கட்டிலோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு, மூன்று புள்ளி காணாது என்று நம்முடைய ஆட்கள் பந்தைப் பக்கவாட்டில் உதைத்த இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கினேன்.